கழற்றாத மாலை

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்து, முழங்காலைப் பற்றிப் பேசாமல் பிரிந்து எத்தனை வருடம் ஆகிறது? காலையில் பூங்காவில் நம் கூட்டம் நடக்கிற அழகைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மூன்று சுற்று, நடுவில் இரண்டு தடவை பெஞ்சு, கடைசியில் வாசலில் சுக்குக் காபி. போன வாரம் உங்களில் ஒருவர் கைபேசியை நீட்டி, "ஏழாயிரம் அடி வந்துட்டேன்" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். இன்னொருவர் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு ஒரு கால் கொஞ்சம் கட்டையாச்சே, நீங்க எப்படி இம்புட்டு வேகமா நடக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பரவாயில்லை. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தேன். இடது கால். கட்டு வைத்தியர் முட்டை வெள்ளையில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். எலும்பு ஒட்டியது, ஆனால் விரலளவு குறைத்து ஒட்டிவிட்டது. அன்றிலிருந்து கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பேன். வீட்டில் எல்லோரும் என்னை நொண்டி என்றே கூப்பிட்டார்கள். கொடுமைக்காரர்கள் யாரும் இல்லை. "நொண்டி, சாப்பிட வா" என்று பாசமாகத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பாசத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் ஊர் திருவாதவூருக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. ஒரே கூரையின் கீழ் பெரியப்பா குடும்பமும் எங்கள் குடும்பமும். வீட்டில் எது நடக்கவும் பெரியப்பாவின் வாய்தான் திறக்க வேண்டும். அப்பா தன் அண்ணன் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்கு ஐந்து மைல் தள்ளி இருந்த உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அந்தப் பாதையில் அப்போது பஸ் கிடையாது. பையன்களே பாதிப் பேர் போக மாட்டார்கள். பெண் பிள்ளைகள் ஐந்து முடித்ததும் களை எடுக்கப் போவார்கள்.

நான் ஐந்தாவது படித்த வருடம், கார்த்திகை மாதம், எங்கள் வாத்தியார் வீடு தேடி வந்தார். பிள்ளை நன்றாகப் படிக்கிறது, மேலே அனுப்புங்கள் என்றார். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"போக அஞ்சு, வர அஞ்சு, பத்து மைலு. இந்தக் காலை வச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடக்குமா வாத்தியாரே?"

"நடக்கும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்பப் பழனிக்கு நடக்கட்டும். பழனி போய்ச் சேந்துருச்சுன்னா பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புறேன்." சொல்லிவிட்டுப் பெரியப்பா சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். கதவோரம் நின்ற அப்பாவும் சிரித்துவைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பெரியப்பா சும்மா பழனி என்று சொல்லவில்லை. வருடா வருடம் தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்துப் பாதயாத்திரைக் கூட்டத்தை நடத்திப் போகிற குருசாமி அவர்தான். அவர் கையால்தான் எல்லோருக்கும் மாலை. மாலை போடுகிற அன்று குளித்துவிட்டு, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு யார் வந்து நின்றாலும் குருசாமி மறுக்கக் கூடாது. கேட்டுக் கேட்டு இந்த விதி எனக்கு மனப்பாடம்.

மார்கழி பிறப்பதற்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முருகன் படத்துக்கு முன்னால் வரிசை நின்றது. ஈரத் தலையோடு நானும் கடைசியில் போய் நின்றேன். கையில் துளசிமணி மாலை. அம்மா வாங்கி வைத்திருந்தாள். எப்போது வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் முறை வந்ததும் பெரியப்பா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். விதி விதிதான். மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றி என் கழுத்தில் போட்டார்.

மாலை போட்டவர்கள் எல்லோரும் சாமிதான், உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லக் கூடாது, வாடா போடா கிடையாது, வாய் தவறிக்கூட ஒரு வசவு வரக் கூடாது. அன்று மத்தியானமே பெரியப்பா, "நொ..." என்று ஆரம்பித்து, விழுங்கி, "சாமி, அந்தச் செம்பை எடுங்க" என்றார். எனக்கு உச்சந்தலை குளிர்ந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அவர் கண்ணில் படுகிற மாதிரி ஏழெட்டுத் தடவையாவது குறுக்கே போயிருப்பேன்.

வீட்டுக்கும் விரதம்தான். மாலை போட்டவர் இருக்கிற வீட்டில் கவிச்சி சேர்க்கக் கூடாது. மீன் சட்டி, கறிச் சட்டி, அதற்கென்று இருந்த அகப்பைகள் எல்லாவற்றையும் பெரியம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து, சாக்கில் கட்டி, மாட்டுக் கொட்டத்துப் பரணில் ஏற்றினாள். ஏற்றும்போது சட்டிக்கு ஒன்றாகப் பெருமூச்சு விட்டாள்.

அம்மா என்னை நடக்கப் பழக்கினாள், பழக்குகிறேன் என்று சொல்லாமல். பக்கத்தில் முளைத்திருக்கிற கீரையை விட்டுவிட்டு, "கண்மாய்க்கு அங்கிட்டு உள்ள கீரைதான் ருசி, போய்ப் பறிச்சுட்டு வா சாமி" என்பாள். கஞ்சித் தூக்கோடு வயலுக்கு அனுப்பும்போது, "வரப்புல போகாத, வழுக்கும். கரை மேல சுத்திப் போ" என்பாள். வழுக்காத வரப்பு அது. செருப்பில்லாமல் நடப்பது எங்களுக்குப் புதிதில்லை. தார் ரோடுதான் புதிது.

தை பிறந்து நடை கிளம்பிய அன்று, அம்மா என் வெள்ளைப் பாவாடையைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கொடுத்தாள். பெரியவர்கள் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. கூட்டத்தில் இருபத்தேழு பேர். முன்னால் வேலைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா. நடுவில் நானும் அத்தையும். அத்தை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் அக்கா, பெரியப்பாவையே எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள். கடைசியில் அரிசி, பாத்திரம் ஏற்றிய மாட்டு வண்டி. அதை ஓட்டிக்கொண்டு அப்பா. கிளம்பும்போதே பெரியப்பா வேலை ஊன்றிச் சொன்னார்: "வண்டியில யார் கால் வச்சாலும் அங்கனயே மாலையைக் கழட்டிட்டு ஊருக்குத் திரும்பிரணும். சின்னச் சாமி, பெரிய சாமி எல்லாருக்கும் இதான்." சின்னச் சாமி நான் ஒருத்திதான்.

முதல் நாள் யானைமலைதான் என் எதிரி. காலையிலிருந்து அது அங்கேயே படுத்துக் கிடந்தது. நடக்கிறோம், நடக்கிறோம், மலை கிட்டே வருவேனா என்கிறது. ஒத்தக்கடை வந்து அதன் தும்பிக்கையைத் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. பனியில் நனைந்ததும் வேர்வையும் சேர்ந்து, பாவாடைச் சாயம் இறங்கி, முழங்காலுக்குக் கீழே நான் பச்சைப் பசேலென்று இருந்தேன். மோர்ப் பந்தலில் ஒரு அம்மா, "ஐயோ, பிள்ளையப் பாம்பு கடிச்சிருச்சா?" என்று பதறினாள். அத்தை அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

வைகைப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குள் நுழைந்ததும், சைக்கிளும் ரிக்‌ஷாவும் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டன. ஒரு ஜவுளிக்கடையிலிருந்து கனத்த மனிதர் ஒருவர் இறங்கி வந்து, ஒவ்வொருவர் காலிலும் குடம் தண்ணீர் ஊற்றினார். என் காலிலும் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் ஓடியது. அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடுரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "சாமி, வீட்டுல சரியில்ல. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை என் காலை அனுதாபமாகவோ கேலியாகவோதான் பார்த்திருந்தார்கள். ஒரு பெரிய மனிதர் அதே காலில் விழுகிறார். அத்தை என் கையைப் பிடித்து, அவர் நெற்றியில் விபூதி பூசவைத்தாள். ஆனால் பழனியில் அவருக்காக வேண்டிக்கொள்ள மறந்துபோனேன். அவர் யாரோ, எங்கேயோ. நன்றாக இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் வாடிப்பட்டிப் பாதையில் கொப்புளம் வந்தது. கட்டைக் காலுக்கு எட்ட வேண்டும் என்று முன்பாதத்தை அழுத்தி அழுத்தி ஊன்றுவேன். அங்கேதான் வந்தது, கோழி முட்டை மஞ்சள் அளவுக்கு. மத்தியானம் ஒரு தோப்பில் உட்காரவைத்து, அத்தை ஊசியில் நூல் கோத்து, விளக்கில் காட்டி, கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தாள். நூலை உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் நறுக்கினாள். நீர் நூல் வழியாக வடிந்துவிடும், தோல் உரியாது. இதைச் செய்துகொண்டே கேட்டாள்.

"எதுக்குச் சாமி இந்த வேண்டுதல்? யாரும் உங்களைப் போகச் சொல்லலையே."

"பழனி போய்ச் சேந்தா ஆறாவது அனுப்புறேன்னு சொல்லிருக்காங்க."

"யாரு?"

நான் முன்னால் படுத்திருந்த பெரியப்பாவைக் காட்டினேன். அத்தை நூலின் முனையை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப ரோட்டைப் பாக்காதீங்க. மரத்தைப் பாருங்க" என்றாள்.

நம் பக்கத்து ரோடுகளில் அப்போது இருபுறமும் புளியமரம் உண்டு. பட்டையைச் செதுக்கி வெள்ளை அடித்து, கறுப்பில் எண் எழுதியிருப்பார்கள். நான்கு வழிச்சாலை போட்டபோது எல்லாம் போய்விட்டன. அந்த எண்கள்தான் என்னைக் கூட்டிப்போயின. நூற்றுப் பன்னிரண்டாம் மரம் வரை அழக் கூடாது. வந்தாயிற்றா, சரி, நூற்றுப் பதின்மூன்று. பழனி எவ்வளவு தூரம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே என்று பயம்.

நான்காம் நாள் செம்பட்டிக்கு முன்னால் முடியாமல் போயிற்று. கொப்புளம் உடைந்து, நூலும் போய், ரோட்டில் என் பாதம் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. கூட்டம் முன்னால் போய்விட்டது. நானும் அத்தையும் பின்தங்கி, பிறகு அத்தையும் நான்கு மரம் முன்னால் போய்விட்டாள். வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா இறங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏறிக்கங்க சாமி."

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"யாரும் பாக்கல. படுதாவுக்குள்ள படுத்துக்கங்க. ஊருக்கு முன்னாடி எறக்கி விட்டுர்றேன். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

என் வாழ்க்கையில் அப்பா மேல் அவ்வளவு கோபம் எப்போதும் வந்ததில்லை. இவருக்கும் நான் படிக்கக் கூடாது என்பதுதான் ஆசை, அண்ணனோடு சேர்ந்துகொண்டு என்னை இறக்கிவிடப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். "நீங்க போங்க" என்று கத்தினேன். சாமி என்றுகூடச் சேர்க்கவில்லை. அப்பா வண்டியில் ஏறவில்லை. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, செம்பட்டி வரை எனக்குப் பின்னால் நடந்தே வந்தார். அது எதற்கென்று அப்போது புரியவில்லை. அண்ணனிடம் எனக்காகப் பேச அவருக்குத் தைரியம் கிடையாது. அவரால் கொடுக்க முடிந்தது அந்த வண்டி மட்டும்தான். நான் அதையும் வேண்டாம் என்றதும் நடந்தார், பாவம். இது புரிந்தபோது அவர் இல்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டி, ஆறாம் நாள் காலையில் யாரோ, "மலை தெரியுது!" என்று கூவினார்கள். அரோகரா சத்தம் எழும்பியது. அப்புறம் பார்த்தால் அந்த மலையும் யானைமலை மாதிரியேதான், வருவேனா என்றது. ஆனால் எனக்குப் பழகிவிட்டது. சாயங்காலம் படியேறினேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மேலே பஞ்சாமிர்தத்தின் வாசனையும், யாரோ என்னைத் தூக்கிக் காட்டியபோது தெரிந்த கொஞ்சம் தங்க நிறமும்தான் மிச்சம்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடிந்ததென்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் எல்லோரும் வரிசையாக நின்றோம். பெரியப்பா ஒவ்வொருவர் மாலையாகக் கழற்றினார். கழற்றிய அடுத்த நிமிடமே பீடிக்கட்டைத் தேடிப்போன சாமிகளும் உண்டு. கடைசியாக என்னிடம் வந்தார்.

"குனிங்க சாமி."

"எப்ப சாமி பள்ளிக்கூடத்துல சேக்கப் போவோம்?" என்று கேட்டேன்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அதை அவர் முகத்தில் பார்த்தேன். ஏமாற்றுகிற முகமாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆறு நாள், எத்தனை ஆயிரம் மரம், அத்தனையும் அவர் கயிறு திரித்துக்கொண்டே சொல்லி மறந்த ஒரு பேச்சுக்காக.

"வாத்தியார்கிட்டச் சொன்னீங்களே. பழனி போய்ச் சேந்தா அனுப்புறேன்னு."

"அது வெளையாட்டுக்குச் சொன்னது சாமி. குனிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

நான் இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. விட்டால் எல்லாம் போய்விடும் என்று பட்டது, அவ்வளவுதான். அவர் கையை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். அத்தை குறுக்கே வந்தாள்.

"தானாக் குனியாத சாமி கழுத்துல இருந்து மாலையைப் பறிக்கிற பழக்கம் எப்ப வந்துச்சு? அறுந்துச்சுன்னா நீ பொறுப்பா?"

மாலை அறுந்தால் குடும்பத்துக்கு ஆகாது. அது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். பெரியப்பா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பஸ் நிலையத்தைப் பார்க்க நடந்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது பெரியம்மா பரணிலிருந்து சட்டிகளை இறக்கிக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். கண்மாய் விரால் ஒன்று வாளியில் துள்ளிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் என் பாதத்தில் தண்ணீர் ஊற்றினாள். கொப்புளம் பிய்ந்து கிடந்ததைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ச் சட்டிகளைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள்.

"என்னத்தப் பண்ற?" என்று பெரியம்மா அலறினாள்.

"சாமி இன்னும் மாலையோட இருக்குக்கா. நான் என்ன செய்ய?"

விரால் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. அவர்கள் வதக்குகிற வாசனை சுவரைத் தாண்டி வந்தது. பெரியப்பா கீரைக் கடைசலைப் பிசைந்துகொண்டே, "நல்லாருக்கு" என்றார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்பச் சந்தோஷமாகவும் இருக்கிறது. தினமும் விடியுமுன் குளித்தேன். விபூதி பூசினேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாலையோடு போனேன். பெரியப்பாவால் என்னைத் திட்ட முடியாது, அடிக்க முடியாது, பெயர் சொல்லக்கூட முடியாது. "சாமி, உங்களுக்கே இது நல்லாருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். "பள்ளிக்கூடம் சாமி" என்பேன். அம்மாவிடம் போய், "ஒன் மகளுக்குப் புத்தி சொல்லு" என்பார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, "சாமிக்கு நான் புத்தி சொல்றதா? பாவம்ல மச்சான்" என்பாள். தைரியமெல்லாம் வெளியில்தான். தூக்கத்தில் கழற்றிவிடுவார்களோ என்று மாலையை ஒரு கையில் சுற்றிக்கொண்டே தூங்குவேன். எனக்கும் கறி தின்ன ஆசையாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாதது பெரிய கஷ்டம்.

மாசி நெருங்கியது. சிவராத்திரிக்கு எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்ட வேண்டும். பெரியப்பா ஒரு வருடமாக வளர்த்த கிடா, கறுப்பு, காதில் மட்டும் வெள்ளை. பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். ஆனால் கிடா கொடுக்கிற வீட்டில் ஒரு சாமி மாலையோடு இருந்தால் கத்தியை எப்படி எடுப்பது? பங்காளிகள் வந்து பேசிப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு வளையல் வாங்கித் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பெரியப்பாவையே கிண்டல் செய்தார்: "என்ன குருசாமி, ஊருக்கெல்லாம் மாலையக் கழட்டுற, ஒன் வீட்டுல ஒரு பொடிசு கழுத்துல இருந்து கழட்ட முடியலையா?" அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். துவைத்த வேட்டி, சட்டை.

"கெளம்புங்க சாமி."

ஏதாவது கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரியை வைத்துக் கழற்றப்போகிறார் என்று நினைத்தேன். ஊர் எல்லையில் அவர் கிழக்கே திரும்பியதும்தான் புரிந்தது. அது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பாதை. அறுத்த வயல், பனி நனைத்த நெல்தாள், ஒற்றை வண்டித்தடம். பழனிக்குப் போனபோது அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று பாதி தூரத்தில் நின்று திரும்பினார். எங்கேயோ பின்னால் வருவேன் என்று நினைத்திருப்பார் போல. நான் அவர் முதுகுக்கு நேர் பின்னால் நின்றேன். மறுபடி நடந்தார், முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக.

தலைமை ஆசிரியர் வழுக்கைத் தலையும் மூக்குக் கண்ணாடியுமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பெரியப்பா விஷயத்தைச் சொன்னார். மாலை, கிடா, பங்காளிகள் எல்லாம் சொன்னார். வெளியில் யாரிடமும் இப்படிக் குரல் இறக்கிப் பேசி நான் அவரைப் பார்த்ததில்லை.

"சேக்கை ஜூன்லதானே. இப்ப எதுக்கு வந்தீங்க?"

"இப்பவே எழுதணும் சார். எழுதினாத்தான் சாமி குனியும்."

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். காலையும் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பினார். பின்னாளில் நானும் ஒரு பள்ளியில் அதே நாற்காலியில் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: மாசி மாதத்தில் பெயர் எழுதுவதற்கு அப்படியொரு பதிவேடே கிடையாது. அது சுண்ணாம்புக்கட்டி இருப்பு நோட்டாக இருந்திருக்கலாம். ஆனால் ஜூனில் அவர் மறக்கவில்லை.

"தினம் இம்புட்டுத் தூரம் நடந்து வந்துருமா? கால் இப்படி இருக்கே" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா பேசினார்.

"பழனிக்கு நடந்துச்சு சார். நாந்தான் குருசாமி, நான் பாத்தேன். கால்ல ரெத்தம். அவங்கப்பன் வண்டிய நிறுத்தி ஏறுன்னு கெஞ்சுறான், ஏறலையே. ஒரு அடி ஏறல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது அவர் பத்து மரத்துக்கு முன்னால் அல்லவா இருந்தார்? திரும்பியே பார்க்காத மனிதர் எப்போது பார்த்தார்? அதை அவரிடம் கடைசிவரை நான் கேட்கவில்லை. அவரும் என்னைப் போக வேண்டாம் என்று ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்று ஒருநாளும் சொல்லவில்லை. ரோட்டில் போகிற வருகிறவனெல்லாம் என் நடையைப் பார்த்துச் சிரிப்பான் என்று அஞ்சினாரோ என்னவோ. வீட்டில் அவர் வைத்த பெயரைவிட அது பெரிதாக வலித்திருக்காது.

"சரி. பிள்ளை பேரு?" தலைமை ஆசிரியர் பேனாவை மையில் தொட்டார்.

பெரியப்பா வாயைத் திறந்தார். ஐந்து வருடம் கூப்பிட்ட பெயர் முதலில் வந்திருக்கும், அதை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாகக் கூப்பிடுகிற பெயரும் அங்கே செல்லாது. காது மடல் சிவந்தது. அவர் தம்பி மகள், அவர் வீட்டில் பிறந்தவள், பெயர் சூட்டிய அன்று கடலைமிட்டாய் கொடுத்தவரே அவர்தான். பேனாவில் மை காயத் தொடங்கியது.

"நீயே சொல்லு ஆத்தா" என்றார், மெதுவாக.

சொன்னேன். முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன். தலைமை ஆசிரியர் எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கிற வரை நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தார். மாதக்கணக்காக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பெரியப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பள்ளிக்கூட வாசலில், வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றோம். அவர் கேட்கவில்லை. நானே குனிந்தேன்.